சீன முதுநிலை நுழைவுத் தேர்வின் ஆங்கில வாசிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுநிலைப் படிப்பில் சேர சீன மாணவர்கள் எழுதும் நுழைவுத் தேர்வில் ஆங்கிலத் தாள் ஒன்று உண்டு. அதற்குத் தயாராகும் மாணவர்களுக்கு இணையவழியில் சொல்லித்தரும் தமிழரான ஆங்கில ஆசிரியர்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களையும், அவர்களுடைய மாணவர்கள் கேட்கிற கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வாசிப்புப் பகுதியைப் பற்றி மட்டும்தான். கட்டுரை எழுதுவதைப் பற்றி இதில் எதுவும் கிடையாது.

இது என்ன தேர்வு? வாசிப்புப் பகுதியைப் பற்றி மட்டும் ஏன் எல்லாரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

சீனாவில் இதைச் சுருக்கமாக காவ்யான் என்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசியில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடக்கும். பெரும்பாலான துறைகளுக்கு அரசியல் 100, ஆங்கிலம் 100, துறை சார்ந்த இரண்டு தாள்கள் தலா 150, ஆக மொத்தம் 500 மதிப்பெண். 2023 சேர்க்கைக்கு 47.4 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். 2025 சேர்க்கைக்கு அது 38.8 லட்சமாக இறங்கியது, ஆனாலும் போட்டி கடுமைதான்.

ஆங்கிலத் தாள் முதல் நாள் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். அதில் நான்கு உரைப்பகுதிகள், ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கேள்விகள், கேள்விக்கு 2 மதிப்பெண். இந்த ஒரு பகுதி மட்டும் 40. கோடிட்ட இடத்தை நிரப்பும் பகுதியில் ஓர் இடத்துக்கு அரை மதிப்பெண்தான், அதாவது வாசிப்பில் ஒரு கேள்வி தப்பினால் அங்கே நான்கு இடங்களைச் சரியாக நிரப்பித்தான் அதை ஈடுகட்ட முடியும். வாசிப்பைப் பிடித்தவன் உலகத்தையே பிடித்தான் என்று காவ்யான் மாணவர்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அரசு அறிவிக்கும் தேசியத் தகுதிக்கோட்டில் மொத்த மதிப்பெண்ணுக்கு ஒரு வரம்பு, ஒவ்வொரு தாளுக்கும் தனி வரம்பு. பொறியியலில் ஆங்கில வரம்பு பொதுவாக நாற்பதுக்குச் சற்றுக் கீழே இருக்கும், இலக்கியத் துறைகளில் ஐம்பதைத் தாண்டிவிடும். துறைத் தாள்களில் அள்ளிக் குவித்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு மதிப்பெண் குறைந்ததால் நேர்முகத்துக்கே அழைக்கப்படாமல் போனவர்கள் உண்டு. ஒரு வருட உழைப்பு அப்படிப் போவதைப் பார்ப்பது மிகவும் கஷ்டம். அதனால்தான் இந்த நாற்பது மதிப்பெண்ணை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலம் ஒன்று, ஆங்கிலம் இரண்டு என்கிறார்களே, என் மாணவருக்கு எது?

ஒன்று என்பது 201 என்ற குறியீடு கொண்ட தாள், பெரும்பாலும் ஆய்வு நோக்கிய முதுநிலைப் படிப்புகளுக்கு. இரண்டு என்பது 204, 2010இல் வந்தது, தொழில்சார் முதுநிலைப் படிப்புகளுக்கு. ஆனால் தொழில்சார் படிப்பு என்றாலே இரண்டுதான் என்று நினைத்துவிட வேண்டாம், சில படிப்புகள் ஒன்றைத்தான் கேட்கின்றன. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பட்டியலில் குறியீட்டைப் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள். வாசிப்புக்கு இரண்டிலும் 40தான், இரண்டாம் தாளில் வாக்கியங்கள் கொஞ்சம் நேராக இருக்கும், தந்திரம் குறைவு. கீழே சொல்வது பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

என் மாணவி பாடத்திட்டத்தின் 5500 சொற்களையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனாலும் ஒவ்வோர் உரைப்பகுதியிலும் இரண்டு மூன்று தப்பு. எங்கே கோளாறு?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, இதற்கான பதில்தான் இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம்.

இந்தத் தேர்வு சொல்லறிவைச் சோதிப்பது போலத் தெரியும். உண்மையில் அது சோதிப்பது வேறு: எழுதியவர் எதை நிறுவ வருகிறார், எந்த இடத்தில் திரும்புகிறார், எதை ஒப்புக்கொண்டு எதை மறுக்கிறார் என்பதைப் பின்தொடர முடிகிறதா என்று. உரைப்பகுதிகள் பாடநூலிலிருந்து வருவதில்லை. எகானமிஸ்ட், கார்டியன், நேச்சர், சயன்டிஃபிக் அமெரிக்கன் போன்ற இதழ்களில் வந்ததைச் சுருக்கித் தருகிறார்கள். அவை எல்லாமே ஏதோ ஒரு வாதத்தை வைக்கும் எழுத்து. பிரிட்டன் ரயில் கட்டண உயர்வு, அமெரிக்க அஞ்சல் துறையின் நிதி நெருக்கடி என்று பழைய தாள்களில் வந்தவற்றைப் பார்த்தாலே தெரியும்.

உங்கள் மாணவி என்ன செய்கிறாள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் சீனப் பொருளைப் போட்டுக்கொண்டே போகிறாள், கடைசியில் கையில் பொருள்களின் குவியல் இருக்கிறது, வாதம் இல்லை. அப்புறம் கேள்விக்கு வருகிறாள். நான்கு விடைகளில் உரையில் பார்த்த சொல் எதில் இருக்கிறதோ அதைத் தேர்வு செய்கிறாள். வினாத்தாள் அமைப்பவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். தவறான விடைகளில் உரையின் சொற்களை அப்படியே போடுவார்கள், சரியான விடையை வேறு சொற்களில் எழுதுவார்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உரைப்பகுதியைப் படித்ததும் கேள்வியைக் காட்டாமல், ஒவ்வொரு பத்தியும் என்ன வேலை செய்கிறது என்று தன் மொழியில் ஒரே வரியில் சொல்லச் சொல்லுங்கள். "இந்தப் பத்தியில் நூலகத்தைப் பற்றிச் சொல்கிறார்" என்று பதில் வந்தால் போதாது. "இந்தப் பத்தியில் எதிர்த்தரப்பு சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்கிறார்" என்று வர வேண்டும். அதைச் சொல்ல முடிந்த நாளிலிருந்து மதிப்பெண் ஏற ஆரம்பிக்கும்.

முதலில் கேள்வியைப் படிக்க வேண்டுமா, உரையையா?

கேள்வியின் தண்டை, அதாவது விடைகளுக்கு மேலே உள்ள கேள்வி வாக்கியத்தை மட்டும் முதலில் படிக்கலாம், நான்கு விடைகளைப் படிக்கவே கூடாது. விடைகளில் மூன்று பொய். உரையைப் பார்க்கும் முன்பே மூன்று பொய்களை மண்டைக்குள் ஏற்றிக்கொண்டு போனால் அவை உரையில் இருப்பது போலவே தோன்றும். தண்டைப் படிப்பதால் எந்தப் பெயர், எந்தப் பத்தி, எந்த ஆண்டு என்று தெரிந்துவிடும். கேள்விகள் பெரும்பாலும் உரையின் வரிசையிலேயே வரும் என்பதால், முதல் கேள்விக்குப் பதில் முன்பாதியில்தான் இருக்கும், கடைசிக் கேள்வி முடிவுப் பத்தியையோ மொத்தக் கருத்தையோ தொடும்.

கடைசியில் எப்போதும் இரண்டு விடைகள் மிஞ்சுகின்றன, இரண்டுமே சரி போல இருக்கிறது. எப்படி முடிவு செய்வது?

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இல்லாமல் பேச முடியாது. தேர்வில் வருகிற தோரணையில் நானே ஒன்றை அமைத்துத் தமிழில் தருகிறேன்.

"சில நகரங்களின் பொது நூலகங்கள் தாமதக் கட்டணத்தை நீக்கிவிட்டன. புத்தகங்கள் திரும்பி வராது என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். நடந்தது வேறு: பல வருடங்களாக வீட்டில் கிடந்த புத்தகங்கள்கூடத் திரும்பி வந்தன, அபராதத்துக்குப் பயந்து ஒதுங்கியிருந்த குடும்பங்களும் வந்தன. நல்ல செய்திதான். ஆனால் மாலை ஐந்து மணிக்குக் கதவை அடைக்கும் கிளை நூலகம், பகலெல்லாம் வேலை பார்ப்பவருக்கு என்ன பயன்? நாளிதழ்களின் பாராட்டில் மகிழ்ந்துபோன நகர மன்றங்கள் நேரத்தை மாற்றுவதைப் பற்றி இன்னும் யோசிக்கவே இல்லை."

கேள்வி: தாமதக் கட்டணத்தை நீக்கியதைப் பற்றி ஆசிரியர் என்ன நினைக்கிறார்?

ஏ. அதனால் பழைய புத்தகங்கள் திரும்பி வந்தன. பி. அது நூலகத்தின் நிதிநிலையைக் குலைக்கும். சி. அது பயனுள்ளது, ஆனால் அது மட்டும் போதாது. டி. அது விளம்பரத்துக்காகச் செய்யப்பட்டது.

பி சுலபமாக விழுந்துவிடும், நிதியைப் பற்றி உரையில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் சில மாணவர்கள் அதைத் தேர்வு செய்கிறார்கள், ஏனென்றால் கட்டணம் போனால் வருமானம் போகும் என்பது அவர்களுடைய சொந்த அறிவு. நல்ல அறிவுதான், ஆனால் கேள்வி அவர்களிடம் கேட்கப்படவில்லை, ஆசிரியர் என்ன சொன்னார் என்று கேட்கப்பட்டிருக்கிறது. ஏ உண்மை, உரையிலேயே இருக்கிறது. ஆனால் அது நடந்த சம்பவம், ஆசிரியரின் மதிப்பீடு இல்லை. உண்மையாக இருப்பதும் கேள்விக்குப் பதிலாக இருப்பதும் வேறு வேறு. மிஞ்சும் இரண்டு என்று மாணவர்கள் தவிப்பது சி, டி இரண்டுக்கும் நடுவேதான். டியில் பாராட்டு, நகர மன்றம் என்று கடைசி வாக்கியத்தின் வாசனை இருக்கிறது. ஆனால் பாராட்டில் மகிழ்ந்தார்கள் என்பது ஒன்று, பாராட்டுக்காகவே செய்தார்கள் என்பது இன்னொன்று. விளைவை நோக்கமாக மாற்றிவிட்டார்கள், அதுதான் பொறி.

ஆகவே இரண்டு மிஞ்சும்போது "எது சரி போலத் தெரிகிறது" என்று கேட்டுக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றிலும் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் உரையில் எந்த வரி பொறுப்பு என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாத சொல் ஒன்று இருந்தாலும் அந்த விடை போய்விட்டது. சியில் "பயனுள்ளது" என்பதற்கு "நல்ல செய்திதான்" பொறுப்பு, "போதாது" என்பதற்கு "ஆனால்" என்று தொடங்கும் வாக்கியம் பொறுப்பு. டியில் "விளம்பரத்துக்காக" என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. முதலில் இது மெதுவாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் இப்படியே செய்த மாணவர்களுக்குக் கண் தானாகவே அந்த ஒட்டாத சொல்லைப் பிடிக்கத் தொடங்கிவிடும்.

எடுத்துக்காட்டு எதற்காகத் தரப்பட்டது என்று கேட்கும் கேள்விகள்?

விடை எடுத்துக்காட்டுக்குள் இருக்காது. அதற்கு முன்னால் உள்ள வாக்கியத்தில் இருக்கும், சில சமயம் பின்னால். மேலே ஐந்து மணிக்கு அடைக்கும் கிளை எதற்காக வந்தது? வேலை நேரத்தைப் பற்றிச் சொல்வதற்காக இல்லை, கட்டண நீக்கம் மட்டும் போதாது என்று காட்டுவதற்காக. எடுத்துக்காட்டின் விவரத்தையே திருப்பிச் சொல்லும் விடை பெரும்பாலும் தப்பு.

ஊகித்து அறியும் கேள்விகளில் என் மாணவர் மிக ஆழமாக யோசித்துத் தப்பு செய்கிறார்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வருகிற பிரச்சினை இது. இந்தத் தேர்வில் ஊகம் என்பது ஒரே ஒரு படி. "நேரத்தை மாற்றுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை" என்று இருந்தால், கிளைகள் இன்னும் மாலையில் மூடியே இருக்கின்றன என்பது ஒரு படி. நகர மன்றத்துக்கு ஏழைகள் மேல் அக்கறை இல்லை என்பது மூன்று படி தள்ளி. உரைக்கு மிக அருகில் நிற்கும் விடைதான் சரி, அது சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமாக இருந்தாலும் சரி.

நீளமான வாக்கியங்களில் தொலைந்துபோகிறார்கள். சீன மாணவர்களுக்கு மட்டும் ஏன் இது இவ்வளவு சிரமம்?

தமிழர்களுக்கு இது சுலபமாகப் புரிய வேண்டும். "கடந்த ஆண்டு அவசரமாக அமைக்கப்பட்ட குழு பரிந்துரைத்த கொள்கை" என்று நாம் சொல்கிறோம். பெயருக்கு முன்னால் எல்லா விளக்கமும் வந்துவிடுகிறது, பெயர் கடைசியில். சீனத்திலும் அப்படியேதான், விளக்கம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்தில் கொள்கை முதலில் வந்துவிடும், அப்புறம் குழு பரிந்துரைத்த, அந்தக் குழு அவசரமாக அமைக்கப்பட்ட என்று பின்னால் வால் நீண்டுகொண்டே போகும், அந்த வால் முடிந்த பிறகுதான் கொள்கைக்கு என்ன ஆயிற்று என்ற வினைச்சொல் வரும். அதற்குள் மாணவர் எழுவாயை மறந்திருப்பார்.

செய்ய வேண்டியது இது. முதலில் வினைச்சொற்களை எல்லாம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விச், தட், ஹூ போன்ற சொற்களுக்குள் மாட்டியிருக்கும் வினைகளை ஒதுக்குங்கள். எது மிஞ்சுகிறதோ அதுதான் முதன்மை வினை, அதற்கு இடப்பக்கம் போய் எழுவாயைப் பிடியுங்கள். இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே, இரண்டு கோடுகளுக்கு நடுவே இருப்பதை முதல் வாசிப்பில் கையால் மறைத்துவிடலாம். எலும்புக்கூடு கிடைத்ததும் மறைத்ததை ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்ட வேண்டும். சாங்நான்ஜு என்று அவர்களே இந்த நீள வாக்கியங்களுக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், தனியாக வகுப்புகளும் எடுக்கிறார்கள். ஆனால் உரையிலிருந்து பிய்த்தெடுத்த வாக்கியங்களை வைத்து மட்டும் பழகுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாக்கியம் ஏன் அவ்வளவு நீளமாக எழுதப்பட்டது என்பது அதன் பக்கத்து வாக்கியங்களோடு சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

இதைவிட அதிகமாக மதிப்பெண்ணைக் குடிப்பது இன்னொன்று, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. அதனால் ஆங்கிலத்தில் வினையைச் சுற்றியிருக்கும் குட்டிச் சொற்களைச் சீன மாணவரின் கண் தாண்டிப் போய்விடும். வுட் ஹாவ் என்று வந்தால் அது நடக்கவில்லை என்று பொருள். "குழு அதை ஏற்றிருந்தால் செலவு குறைந்திருக்கும்" என்றால் குழு ஏற்கவில்லை, செலவு குறையவும் இல்லை. இதைச் செலவு குறைந்தது என்று படித்துவிட்டு ஒரு கேள்வியையே இழக்கிறார்கள். மே, மைட், குட் (could) மூன்றும் அப்படித்தான், ஆசிரியர் "இருக்கலாம்" என்று சொன்னதை "இருக்கிறது" என்று படிப்பது. தமிழில் இந்த வேறுபாடுகளை வினையின் விகுதியே சுமப்பதால் நமக்கு இது உடனே உறைக்கும், அவர்களுக்கு உறைக்காது. ஒரு வாரம் முழுக்க இதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், வீண்போகாது.

மனதுக்குள் சீனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே படிப்பது தவறா?

பழகும் காலத்தில் தவறு இல்லை, முழு உரைப்பகுதியையும் எழுதி மொழிபெயர்ப்பது நல்ல பயிற்சிகூட. ஆங்கிலம் ஒன்றில் மொழிபெயர்ப்புக்கே 10 மதிப்பெண் இருக்கிறது, இரண்டில் 15. தேர்வு அறையில் மட்டும் அப்படிப் படித்தால் நேரம் போதாது.

தெரியாத சொல் வந்தால்?

பெயர்ச்சொல்லாக இருந்து, கேள்வியில் அது இல்லையென்றால் விட்டுவிட்டுப் போகலாம். ஒரு மரத்தின் பெயரோ நோயின் பெயரோ தெரியாமல் போனால் வாதம் கெட்டுவிடாது. தெரிந்த சொல் தெரியாத பொருளில் வருவதுதான் ஆபத்து. அட்ரஸ் என்றால் முகவரி என்று படித்தவர்களுக்கு, ஒரு பிரச்சினையைக் கையிலெடுத்துத் தீர்க்க முயல்வதும் அதே சொல்தான் என்பது தெரிவதில்லை. சாம்பியன் வினையாக வந்தால் ஒரு கொள்கைக்காகப் போராடுவது. நாவல் பெயரடையாக வந்தால் புதிய. டிசிப்ளின் என்றால் பல இடங்களில் படிப்புத் துறை. ஷான்பே போன்ற செயலிகளில் சொல்லையும் ஒரு பொருளையும் சேர்த்து விரலால் தள்ளிக்கொண்டே போவதால் இந்தப் பிரச்சினை இன்னும் மோசமாகிறது. செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பழைய தாளில் ஒரு சொல் எந்த வாக்கியத்தில் எந்தப் பொருளில் வந்ததோ, அந்த வாக்கியத்தோடு சேர்த்து நோட்டில் எழுதி வைப்பது அதைவிட நன்றாக நிற்கும்.

சொல்லின் பொருளையே கேள்வியாகக் கேட்டால், அகராதிப் பொருளைத் தேர்வு செய்ய வேண்டாம். அந்த இடத்தில் விடையை வைத்துப் படித்து முன்வாக்கியத்தோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஆசிரியரின் மனநிலையைக் கேட்கும் கேள்விகள்?

அக்கறை இல்லை, குழப்பமாக இருக்கிறார் என்ற பொருள் தருபவை அநேகமாகச் சரியான விடையாக வராது. அக்கறை இல்லாதவர் ஏன் கட்டுரை எழுதப்போகிறார்? முக்கியமாக யாருடைய மனநிலை என்று பாருங்கள். பேராசிரியர் ஒருவரின் கருத்தை மேற்கோள் காட்டிவிட்டு ஆசிரியர் அதை மறுக்கலாம். கேள்வி பேராசிரியரைப் பற்றியா, ஆசிரியரைப் பற்றியா என்று பார்க்காமல் விடை எழுதித் தப்பு செய்பவர்கள் ஏராளம்.

பழைய தாள்களை எத்தனை முறை செய்ய வேண்டும்? மாதிரித் தாள்கள் போதாதா?

ஜென்தி என்று அவர்கள் சொல்லும் உண்மையான பழைய தாள்கள்தான் எல்லாம். வணிக நிறுவனங்கள் அச்சிடும் மாதிரித் தாள்களில் விடைகளின் தர்க்கம் தளர்வாக இருக்கும், அவற்றில் பழகினால் தவறான உள்ளுணர்வு வளரும். கடைசி மாதத்தில் நேரத்தைப் பழக ஒன்றிரண்டு செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எத்தனை முறை என்பதைவிட எப்படி என்பது முக்கியம். முதல் முறை நேரம் வைத்துச் செய்யுங்கள், திருத்துங்கள், ஆனால் விளக்கத்தை உடனே பார்க்க வேண்டாம். தவறிய கேள்விக்குச் சரியான விடை எது என்று மட்டும் தெரிந்துகொண்டு, அது ஏன் சரி, தான் எழுதியது ஏன் தப்பு என்று தானே எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார்கள், "ஓ, அப்படியா" என்று விளக்கத்தைப் படித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார்கள், அதனால்தான் பத்துத் தாள் செய்தும் மதிப்பெண் அதே இடத்தில் நிற்கிறது. சரியாக எழுதிய கேள்விகளையும் விடக்கூடாது. மற்ற மூன்று ஏன் தப்பு என்று சொல்லத் தெரியாமல் சரியாக எழுதியது தற்செயல்தான்.

அப்புறம் சில வாரம் கழித்து அதே தாளுக்குத் திரும்பலாம். விடை நினைவில் இருந்தால் பரவாயில்லை, இரண்டாம் முறை விடைக்காகச் செய்வதில்லை, வாதத்தைக் கோடு போட்டுப் பார்க்கச் செய்கிறோம். சமீபத்திய இரண்டு மூன்று ஆண்டுத் தாள்களை மட்டும் தொடாமல் வைத்திருந்து நவம்பரிலும் டிசம்பரிலும் முழுத் தேர்வாக எழுதுவது நல்லது, பிற்பகல் 2 மணிக்கே உட்கார்ந்து.

தினமும் ஆங்கில இதழ்களைப் படிக்கச் சொல்லலாமா?

ஏப்ரல், மே மாதங்களில் சொல்லலாம், வாரத்துக்கு இரண்டு கட்டுரை போதும். செப்டம்பருக்குப் பிறகு அந்த நேரத்தைப் பழைய தாளுக்குக் கொடுப்பது மேல். சீன மாணவருக்கு மேற்கத்திய நாடுகளின் நீதிமன்றம், தொழிற்சங்கம், ஆய்விதழ்களின் மதிப்பாய்வு முறை போன்றவை பரிச்சயம் இல்லாதவை, அவற்றைக் கொஞ்சம் தெரிந்து வைத்தால் பயம் குறையும். ஆனால் தெரிந்த தலைப்பு வந்தால் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும், சொந்த அறிவு விடையைக் கெடுப்பது அங்கேதான்.

"எப்போதும்", "மட்டும்" போன்ற சொல் இருந்தால் அந்த விடை தப்பு என்கிறார்களே?

பல முறை உண்மை, விதி இல்லை. உரையே "மட்டும்" என்று சொல்லியிருந்தால் விடையிலும் "மட்டும்" வரும். நீளமான விடை சரி, சி அதிகம் வரும் என்பதையெல்லாம் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள், மாணவர்களின் பயத்தை வைத்து நடக்கும் வியாபாரம் அது, எனக்குக் கோபம் வருகிறது. தப்பான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை, அதனால் எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது. இந்த மாதிரி விதிகளின் இடம் அவ்வளவுதான், ஒன்றுமே தெரியாத கேள்விக்கு எதையாவது நிரப்பும்போது.

ஓர் உரைப்பகுதிக்கு எவ்வளவு நேரம்?

தேர்வில் 17, 18 நிமிடம், ஆக நான்குக்கும் ஏறக்குறைய 70 நிமிடம். மிஞ்சியதில் கட்டுரைகள், மொழிபெயர்ப்பு, புதுவகைக் கேள்விகள், கடைசியாகக் கோடிட்ட இடம். தொடக்கத்தில் நேரம் பார்க்க வேண்டாம், ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஓர் உரைப்பகுதியை முழுதாகப் புரிந்துகொள்வதுதான் முதலில். வேகம் புரிதலுக்குப் பின்னால்தான் வரும்.

புதுவகைக் கேள்விகள் என்கிறார்களே, அதற்கு என்ன வழி?

ஐந்து இடம், 10 மதிப்பெண். ஆங்கிலம் ஒன்றில் உரையில் காலியாக விட்ட ஐந்து இடங்களுக்குத் தரப்பட்ட ஏழு பகுதிகளில் ஐந்தைத் தேர்ந்து வைப்பது, கலைந்த பத்திகளை வரிசைப்படுத்துவது, பத்திக்குத் தலைப்புப் பொருத்துவது என்று மாறி மாறி வரும். வரிசைப்படுத்துவதுதான் கடினம், ஒன்று தப்பினால் அடுத்ததும் சேர்ந்து தப்பும். திஸ், சச், தீஸ் என்று தொடங்கும் பத்தி முதல் பத்தியாக இருக்க முடியாது, அது சுட்டும் பொருள் முன்னால் வந்திருக்க வேண்டும். ஒருவரின் முழுப் பெயர் வரும் பத்தி, குடும்பப் பெயர் மட்டும் வரும் பத்திக்கு முன்னால். மிகவும் உறுதியாகத் தெரிந்த இடத்தை முதலில் வையுங்கள், வரிசைப்படி நிரப்ப வேண்டாம்.

செப்டம்பர் வந்துவிட்டது, அடிப்படையே பலவீனம். இனி முடியுமா?

பொறியியல் மாணவர், தகுதிக்கோட்டைத் தாண்டினால் போதும் என்றால் முடியும், அதை முழு நம்பிக்கையோடு சொல்கிறேன். நான்கு உரைப்பகுதியில் 20க்கு 12 சரியானால் 24 மதிப்பெண். மற்றவற்றில் சாதாரணமாக எழுதினாலே கோடு தாண்டிவிடும். இலக்கியமோ பெரிய பல்கலைக்கழகமோ என்றால் இது போதாது. தங்கள் வரம்பைத் தாங்களே அறிவித்துக்கொள்ளும் 34 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, அங்கே கணக்கே வேறு.

அப்படிப்பட்டவருக்குத் திட்டம் எளிமையாக இருக்கட்டும். காலையில் பழைய தாள்களில் அடிக்கடி வரும் சொற்கள், மாலையில் ஓர் உரைப்பகுதி, ஒரே ஓர் உரைப்பகுதி, வாக்கியம் வாக்கியமாக. நாளுக்கு நான்கு செய்யச் சொல்லிக் கசக்கிப் பிழிய வேண்டாம். இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே காலை ஏழு மணிக்கு நூலகத்தில் இடம் பிடித்து இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருப்பவர்கள். உழைப்பில் குறை இல்லை, உழைப்பு எங்கே போகிறது என்பதில்தான் குறை. திட்டுவதை விட்டுவிட்டு அதைப் பார்த்துச் சொன்னால் போதும்.

தேர்வு நாளில் ஓர் உரைப்பகுதி சுத்தமாகப் புரியவில்லை என்றால்?

விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், நான்கும் ஒரே அளவு கடினமாக இருக்காது. திரும்பி வரும்போது ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் "ஆனால்" என்று திரும்பும் வாக்கியங்களையும் மட்டும் படித்தால் அரைகுறையாகவாவது வாதம் தெரியும், அதை வைத்து மூன்று கேள்விக்கு விடை எழுதிவிட முடியும். மிச்ச இரண்டையும் நிரப்பிவிட்டு, விடைத்தாளில் 21 முதல் 40 வரை கேள்வி எண்ணும் நிரப்பிய கட்டமும் ஒன்றுக்கொன்று தள்ளிப் போகவில்லை என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும், ஓர் உரைப்பகுதியைத் தாண்டிப் போனவர்களுக்கு இது அதிகம் நடக்கிறது.